திரும்பி வந்த விரிப்புகள்

ஒன்பது நாளாக மழை விடவில்லை. மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் மழையை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. வெயில் அடித்தால் பாதி விரிப்புகள் மொட்டைமாடிக் கொடியிலேயே காய்ந்துவிடும். மழை என்றால் அத்தனையும் உலர்த்தும் இயந்திரங்களுக்குள் போக வேண்டும். இருந்த மூன்றில் ஒன்று இரண்டாம் நாளே முனகி முனகி நின்றுபோனது. மற்ற இரண்டும் அரை ஈரத்தோடு துப்பிய விரிப்புகளைத்தான் மடிப்பறைப் பெண்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஈர விரிப்பு கனக்கும். மாலை ஆறு மணிக்குத் தோள்பட்டை யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போனது போல இருக்கும்.

கூடத்தின் வேனை ஓட்டுகிறவரும், மடிப்பறையில் நிற்கும் அவர் மனைவியும் அதிகாலையிலேயே எழுந்துவிடுவார்கள். இரண்டு வாரமாக அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தியும் எழுந்தாள். மூவரும் நிற்கப் போதாத அடுக்களை. டிரைவர் நின்றபடியே தேநீர் குடித்தார்.

"குடை ரெண்டுதான் இருக்கு. ஒண்ண அங்க குடுத்துடு," என்றார் மனைவியிடம்.

'அங்க' என்பது இரண்டடி தள்ளி நின்று ரொட்டித் துண்டுகளில் உருளைக்கிழங்கு மசியலைத் தடவிக்கொண்டிருந்த அவருடைய உடன்பிறப்பு.

"அங்கயே காது இருக்கு. நீங்களே சொல்லலாம்," என்றாள் மனைவி.

"நேரமாச்சு," என்று அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பதினேழு வயதில் அந்த வீட்டின் இளைய மகனாக வெளியே போனவள் அவள். பத்தொன்பது வருடம் கழித்து, மழை தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஒரே ஒரு பையோடு பெண்ணாக வந்து கதவைத் தட்டினாள். இடையில் எத்தனை ஊர், எத்தனை வாசல், எத்தனை பேர் வாயில் விழுந்து எழுந்தாள் என்பதை அவளும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நடந்து நடந்து ஓய்ந்த முகம். கதவைத் திறந்த டிரைவரின் மனைவி அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் தன் புருசனின் அகன்ற நெற்றியும் நடுவே விழும் ஒற்றைச் சுருக்கமும் ஒரு பெண்ணின் முகத்தில் இருப்பதைப் பார்த்தாள்.

"அண்ணன் இருக்காரா?"

"வேலைக்குப் போயிருக்காரு. உள்ள வா. செருப்பை அப்படியே விட்டுட்டு வா. சாப்பிட்டு எத்தனை நேரமாச்சு?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து வந்தவளுக்கு அவள் அண்ணி, அண்ணிக்கு வந்தவள் இளையவள்.

டிரைவர் கெட்டவர் இல்லை. களைத்தவர். தம்பி ஓடிப்போன வருடம் தெருவில் எத்தனை வாய்களுக்குப் பதில் சொன்னார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவள் வந்த அன்று மாலை சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தே பேசினார்.

"எனக்கு அவன் மேல கோபமெல்லாம் இல்ல."

"அவ மேல," என்றாள் மனைவி.

"சரி, அவளோ எவளோ. மறுபடியும் ஊர் வாயோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல. இந்த மாசம் மூணாவது சனிக்கிழமை வரைக்கும் பின்னாடி ரூம்ல இருக்கட்டும். அப்புறம் வேற இடம் பாத்துக்கட்டும். வேலைக்கு வேணா நீ கூட்டிட்டுப் போ. ஆனா அங்க எனக்கு யாருன்னு மூச்சு விடக் கூடாது. உன் தூரத்துச் சொந்தம்னு சொல்லிக்க."

பின்னறைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இளையவள் எல்லாவற்றையும் கேட்டாள். சனிக்கிழமையை மனதில் வைத்துக்கொண்டாள். பையிலிருந்து துணிகளை வெளியே எடுத்து அடுக்கவே இல்லை.

மடிப்பறையில் அவளுக்கு முதல் நாள் பெரிய பயமே உடை மாற்றும் அறைதான். பெண்கள் அறையின் வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே ஏழெட்டுப் பேர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டும் மேலங்கி மாட்டிக்கொண்டும் இருந்தார்கள். பேச்சு நின்றது. அங்கே மூத்தவள் கண்ணாடியம்மா. தடித்த கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். முப்பது வருடம் நின்றே வேலை செய்த கால்கள், நரம்பு புடைத்து நீலம் பாரித்திருக்கும். அந்தக் கால்களைப் பெஞ்சின் மேல் நீட்டியபடி வாசலைப் பார்த்தாள்.

"ஏன் கதவுக்குக் காவலா? உள்ள வா. அந்தக் கோடிக் கொக்கி காலியா இருக்கு, பையை மாட்டு. எடது பக்கக் குழாய் சுடுதண்ணி, கைய வச்சுடாத."

இஸ்திரி உருளையில் நிற்பவள் ஒருத்தி மட்டும் தன் பையைக் கழற்றி அடுத்த வரிசைக் கொக்கிக்கு மாற்றினாள். கண்ணாடியம்மா அதையும் பார்த்தாள்.

"பையை எங்க வேணா மாட்டிக்கடி. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. இங்க மடிக்க இருக்கறதே போதும், உன் மூஞ்சியையும் வேற மடிக்கணுமா?"

சிரிப்பு வந்தது. உருளைக்காரிக்குக்கூட உதட்டோரம் கொஞ்சம் வந்தது. அதற்கு மேல் யாருக்கும் அங்கே நேரமில்லை. மணி அடித்துவிட்டது.

பெரிய காரியங்களுக்குக் கடவுள் பெரிய ஆட்களைத் தேடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அவர் கால் வலிக்கிற ஒருத்தியைத்தான் கண்டுபிடிக்கிறார்.

பெரிய விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து இழுத்து உதறுவார்கள். நீளவாட்டில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. பிறகு ஒருத்தி நடந்து வந்து தன் மூலைகளை மற்றவள் விரல்களில் சேர்ப்பாள். வாங்கி மடித்து முடிப்பவள் முன்கை, நடந்து வருபவள் பின்கை. முன்கை எப்படித் திருப்புகிறாளோ அப்படியே பின்கையும் போக வேண்டும். ஜோடியை மேலதிகாரி போடுவதில்லை. பெண்களாகவே சேர்ந்துகொள்வார்கள். ஜோடி சேர யாரும் கூப்பிடாதவள் மேசையோரம் தலையணை உறையை மட்டும் அடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதல் ஒரு வாரம் அண்ணி முன்கையாக நின்று இளையவளைப் பின்கையாக வைத்துக்கொண்டாள். ஒரு தவறும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை உருளைக்காரிக்குக் காய்ச்சல். அண்ணியை உருளைக்கு மாற்றினார்கள். இளையவள் பேசாமல் போய்த் தலையணை உறைகளின் பக்கம் நின்றுகொண்டாள்.

"ஏ, நெட்டச்சி! அங்க என்ன பண்ற?"

கூப்பிட்டவள் வாயாடி. அவள் பேச்சைத் தாங்காமல் மாதம் ஒரு ஜோடி அவளை விட்டு ஓடும்.

"என்கூட வா. எனக்கு ஜோடின்னா கை கூடத் தேவையில்ல, ரெண்டு காது இருந்தாப் போதும். இருக்கா?"

"இருக்குக்கா."

"அப்ப நீ முன்கை. என்னால பேசிக்கிட்டே யோசிக்க முடியாது."

"நானா? நான் வந்து ஒரு வாரந்தானே ஆகுதுக்கா."

"கையைப் பாத்தாத் தெரியாதா? ஒரு வாரத்துல வந்த கையா அது? பிடி."

வாயாடி தன் மருமகளைப் பற்றித் தொடங்கினாள். மருமகள் குளிக்கும் நேரம், மகனின் வாயில்லாத்தனம், சம்பந்தியம்மாளின் மூக்கு என்று பதினொரு மணி வரை பேச்சு ஓடியது. நடுநடுவே கேள்வியும் வந்தது.

"ஏண்டி, உனக்கு இந்த உசரத்துக்குச் சேலை எட்டுதா?"

"கணுக்கால் தெரியும்க்கா."

"தெரியட்டும். எனக்கெல்லாம் தரையக் கூட்டுது. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தியப் படைச்சிருக்கலாம் அந்த ஆண்டவன். அவருக்கும் அன்னிக்கு மழையோ என்னவோ."

இளையவள் வாய்விட்டுச் சிரித்தாள். உருளையில் நின்ற அண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண் சிரித்து அவள் கேட்டதே இல்லை. சிரிப்பில் உடம்பு லேசானது. உடம்பு லேசானதும் கைகள் தம்பாட்டுக்குப் பழைய வழியில் போயின. அண்ணியின் முறையை அவை மறந்துவிட்டன.

அறுபத்திரண்டு விரிப்புகள் மதியத்துக்குள் முடிந்து வண்டியேறின.

மூன்று மணிக்கு அதே விரிப்புகள் அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு டிரைவர் மடிப்பறைக்குள் வந்தார். மழையங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னாலேயே மேற்பார்வையாளர். அந்த மனிதரும் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. கெட்டுப்போன இயந்திரத்துக்கும் மருத்துவமனைத் தொலைபேசிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தார்.

"அறுபத்திரண்டும் திரும்பி வந்திருக்கு. யாரு மடிச்சது இது?"

ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் ஒரு வண்ண நூல் தையல் இருக்கும். அறுவை அறைக்குச் சிவப்பு, பிரசவ வார்டுக்கு நீலம், குழந்தைகள் வார்டுக்கு மஞ்சள். மடித்து முடித்தால் அந்த நூல் மேலே தெரிய வேண்டும். அலமாரியில் வண்ணத்தைப் பார்த்துத்தான் வார்டு ஆட்கள் உருவி எடுப்பார்கள். இந்த அறுபத்திரண்டிலும் நூல் உள்ளே போயிருந்தது. வெளியே வெறும் வெள்ளை. பிரசவ வார்டில் அவசரத்துக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு மொத்தத்தையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

"நான்தான் சார்," என்றாள் இளையவள்.

"நானுந்தான். பின்கை நானு," என்று வாயாடி முன்னால் வந்தாள். "என் வாயால வந்த வினை. ஆளு குனிஞ்சு பாத்தாத்தானே நூல் எங்க போகுதுன்னு தெரியும். நான் எங்க பாத்தேன்? என் சம்பந்தி மூக்கைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"நீ சும்மா இரும்மா. முன்கை யாரோ அவங்கதான் பொறுப்பு." மேற்பார்வையாளர் இளையவளைப் பார்த்தார். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. "தூரத்துச் சொந்தம்னு உருளையில நிக்கற இவங்க சொன்னதை நம்பி எடுத்தேன். எல்லாரும் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரி கேட்டாங்க. இதையும் சேத்து என்னால பதில் சொல்லிட்டிருக்க முடியாது. இன்னிக்கோட போதும்மா."

"சரி சார்," என்றாள் இளையவள். இதுபோல எத்தனையோ இடத்தில் சொல்லிப் பழகிய 'சரி'. மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கக் கை போனது.

அண்ணி உருளையில் நின்றாள். விரிப்பு பாதி உள்ளே போயிருந்தது, கையை விட்டால் சுருண்டு கருகிவிடும். அங்கிருந்தே புருசனைப் பார்த்தாள். அவர் தரையில் தேங்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியம்மா சுவரோரப் பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்து வந்தாள். தள்ளுவண்டியில் மேலாக இருந்த விரிப்பை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒரு மடிப்பைப் பிரித்தாள், மூடினாள். கடைசி மடிப்புக்குள் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தாள். விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"சார், ஒரு நிமிசம். இது தப்பு மடிப்பு இல்ல. பழைய மடிப்பு. அந்தக் காலத்துல வண்டிக்கு மூடி கிடையாது. நூல் அழுக்காகிச் சாயம் போகுதுன்னு உள்ள வச்சுத்தான் மடிப்போம். ஆனா கடைசில இப்படி விரல் விட்டு அமுக்கறது எல்லாருக்கும் வராது. ஒருத்தி கைதான் அது. அவளுக்கு எதிர்ல நான் இதே அறையில ஒன்பது வருசம் பின்கையா நின்னிருக்கேன்."

திரும்பி டிரைவரைப் பார்த்தாள்.

"போய்ச் சேந்துட்டா உங்கம்மா. கை இங்க வந்து நிக்குது."

டிரைவர் தள்ளுவண்டியின் கைப்பிடியில் நின்ற தண்ணீரை விரலால் வழித்தார்.

"அவ சொல்லுவா," கண்ணாடியம்மா விரிப்பை நெஞ்சோடு அணைத்தபடி யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். "'பெரியவன் வேலை முடிஞ்சாப் போதும்னு மடிப்பான். சின்னதுதான் ஆசையா மடிக்கும்'னு. அந்தச் சின்னது எங்க போச்சுன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தா. நான் அதட்டல்லாம் மாட்டேன் தம்பி. எனக்கு நிக்கவே முடியல. உன்னால முடிஞ்சா நீ சொல்லு. முடியலன்னா விடு, அவ போகட்டும்."

மழையங்கியின் பொத்தான் ஒன்று மாட்டிக்கொண்டது போல டிரைவர் வெகுநேரம் கழுத்தருகே தடவினார். பிறகு அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எங்கம்மா சொல்லிக் குடுத்த மடிப்புதான் சார்," என்றார். "எங்க ரெண்டு பேருக்கும்."

மேற்பார்வையாளர் அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நெற்றிகளிலும் ஒரே சுருக்கம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்குள்ள இது அத்தனையும் பிரசவ வார்டுல இருக்கணும். எனக்கு அது போதும். யார் மடிச்சா என்ன, நூல் வெளிய தெரியணும்." போகிற போக்கில் நின்றார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடும்மா. லேட் பண்ணாத."

"நான் கூட நிக்கிறேன், சட்டுனு முடிச்சிடலாம்," என்று வாயாடி பாய்ந்தாள். கண்ணாடியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமாவது. வாடி."

டிரைவர் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். இருபது வருடம் சக்கரம் பிடித்த கை. உதறினார்கள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அவர் நடந்து வந்து மூலைகளை அவள் விரல்களில் சேர்த்தார். இரண்டு வாரமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவர் அவளுக்கு இத்தனை அருகில் வந்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தார். அவள் மடித்து முடித்து மேசையில் வைத்தாள்.

"அட கடவுளே!" தூரத்திலிருந்து வாயாடி கத்தினாள். "நூல் மறுபடியும் உள்ள! ரெண்டும் ஒரே மாதிரி! இதுக்கு நானே தேவலாம்!"

மடிப்பறையே சிரித்தது. அண்ணி உருளையில் நின்றபடி, முந்தானையை எடுத்து வியர்வையைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தாள்: "ரெண்டாவது மடிப்புல கையைக் கீழ கொண்டு போகாதம்மா, மேல கொண்டு வா. தம்பி, நீ அவ கூடவே போ. உன் இஷ்டத்துக்கு இழுக்காத."

இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதும். ஒவ்வொரு விரிப்புக்கும் அவர் ஒருமுறை நடந்து வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் விரல்கள் தொட வேண்டியிருந்தது. பத்தாவது விரிப்பு வரை அவர் சுவரைப் பார்த்தார். அதற்குமேல் கழுத்து வலித்திருக்க வேண்டும், அவளையே பார்த்தார். அம்மாவின் தாடை அவளுக்கு இருந்தது. காதோரம் நரைத்திருந்தது. பதினேழு வயதில் போனவளுக்கு நரை வந்துவிட்டதே என்ற நினைப்பில் ஒரு மூலையைத் தவறவிட்டார். அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"மத்தியானம் சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அவள் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"சாப்பிட்டேண்ணே."

மேலும் நாலைந்து விரிப்புகள் போயின. வெளியே தகரக் கூரையில் மழை இன்னும் பலமாக இறங்கியது.

"சனிக்கிழமை..." என்று அவர் ஆரம்பித்தார்.

"ஞாபகம் இருக்குண்ணே. காலைலயே கிளம்பிடறேன். பையெல்லாம் கட்டித்தான் இருக்கு."

அவர் விரிப்பின் மூலையைப் பிடித்தபடி பாதி வழியில் நின்றார். எரிச்சல் போல ஒன்று முகத்தில் வந்தது. யார்மேல் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

"அதில்ல. சனிக்கிழமை எனக்கு வண்டி கிடையாது, லீவு. அந்தப் பின்னாடி ரூம் ஜன்னல் கொண்டி உடைஞ்சு கெடக்கு. ராத்திரில சாரல் படுக்கை வரைக்கும் வருமே. எப்படித்தான் படுத்திருக்கியோ, ஒரு வார்த்தை சொல்லல. கொண்டி மாட்டிடறேன். பலகையும் ஒண்ணு அடிச்சுத் தரேன், துணியெல்லாம் வச்சுக்க."

அவள் கையிலிருந்த விரிப்பு தொய்ந்து நடுவில் குழிந்தது.

"இழுத்துப் பிடி," என்றார் அண்ணன். "தரையில படுது பாரு."

அவள் இழுத்துப் பிடித்தாள்.